உயர் பொறுப்பில் இருப்பவர்

செவ்வாய்க்கிழமை முற்பகல், அன்றைய தபால் கட்டின் நடுவில் அந்தக் காகிதமும் வந்தது. வழக்கம்போல அதன் மூலையிலிருந்த ஸ்டேப்ளர் கம்பியை நகத்தால் நெம்பி எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மடிப்பை நீவி, ஸ்கேனரின் தட்டில் வைக்கப் போனபோதுதான் அதில் தன் பெயர் இருப்பதை அவர் பார்த்தார். யாருக்கோ வந்த கடிதத்தைப் படித்துவிட்டவர் போலக் கூசி, ஒரு நொடி கவிழ்த்து வைத்தார். பிறகு நிமிர்த்திப் படித்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நாற்பது பேருக்கு வெள்ளிக்கிழமை அறிமுகக் கூட்டம். தலைமை, பொது மேலாளர். ‘கடைநிலை உதவியாளராகச் சேர்ந்து, இன்று உயர் பொறுப்பு வகிக்கும்’ என்று அச்சிட்டு, அதன் பக்கத்தில் அவர் பெயர். அவர் பேச வேண்டுமாம்.

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஆவண அறையில், அவர் இருபத்தாறு வருடங்களாக இருக்கிறார். மேலே எட்டு மாடிகளுக்கும் வருகிற விண்ணப்பங்கள், மருத்துவ ரசீதுகள், இறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றிலிருந்தும் ஊசியையும் கம்பியையும் எடுத்து, கிழிந்ததை ஒட்டி, எண் போட்டு, கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு ஊசி தப்பினாலும் இயந்திரம் நின்றுவிடும். அவர் கையில் தப்பியதில்லை. அதனாலேயே ‘குண்டூசி’ என்று பெயர் வந்தது. இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தால், உதடு அசையாமல், அதிலிருக்கும் பெயருக்காக ஒரு வரி பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் தட்டில் வைப்பார். இது யாருக்கும் தெரியாது. தனக்காக எதுவும் கேட்டதில்லை, கேட்கக் கூச்சம்.

பதவி உயர்வுக்கு ஏழு தடவை எழுதிப் போட்டிருந்தார். ஏழு தடவையும் ‘தற்போது வாய்ப்பில்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பதில்களின் கம்பிகளையும் அவரே எடுத்து, அவரே தன் கோப்பில் ஏற்றினார். இந்த வருடம் எழுதிப் போட்டது எட்டாவது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் யார் பெயரையும் பரிசீலிப்பதில்லை என்பது அங்கே விதி. அடுத்த மாதம் அவருக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. இந்த வருடத்துப் பதவி உயர்வுப் பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை வெளிவருவதாக இருந்தது.

“மேலே முடிவாயிடுச்சு போல,” என்றார் காகிதத்தை எட்டிப் பார்த்த பக்கத்து மேசைக்காரர். ஓயாத பேச்சுக்காக அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். “அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். இல்லன்னா எதுக்கு உயர் பொறுப்புன்னு போடறாங்க?”

“தப்பா போட்டிருப்பாங்க.”

“உங்களுக்கு ஒரு நல்லது நடந்தா மட்டும் அது தப்பா நடந்ததாத்தான் இருக்கணுமா? பாருங்க குண்டூசி சார், மேல போனதும் எங்கள மறந்துடாதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவ லிஃப்ட்ல கீழ வந்து, உயிரோட இருக்கமான்னு எட்டிப் பாத்துட்டுப் போங்க.”

அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். ஆனால் அன்று மதியம், ஒரு சான்றிதழில் இருந்த முதியவருக்காக வேண்டி முடித்த பிறகும் அவர் மனம் நிறுத்தவில்லை. ‘எனக்கும் கொஞ்சம் பார், கடவுளே’ என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் யாருக்காவது கேட்டிருக்குமோ என்பது போலத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி அந்தக் காகிதத்தை நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தாள். ஒரு குண்டூசியைத் தேடி எடுத்து, சுவரிலிருந்த நாள்காட்டியோடு சேர்த்துக் குத்தி வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் தன் அண்ணனுக்குப் போன் போட்டிருந்தாள். “உன் வீட்டுக்காரர் இன்னும் பேப்பர் ஒட்டிட்டுதான் இருக்காரா?” என்று ஒவ்வொரு விசேஷத்திலும் நாலு பேர் முன்னால் கேட்கும் அண்ணன். “ஆமாண்ணா, வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும்,” என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. திருமணமான புதிதில்தான் அவர் அதைக் கடைசியாகக் கேட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை, கூட்டத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, பணியாளர் பிரிவிலிருந்து ஒரு பெண் கீழே இறங்கி வந்தாள். மூச்சு வாங்கியது. தேய்த்த சட்டையோடு ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்திருந்த அவரையும், அவர் கையிலிருந்த ரசீதுக் கட்டையும், கம்பிகள் நிறைந்த பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சார், அந்த அழைப்பு நான்தான் அடிச்சேன். கடைநிலையில சேந்து இன்னும் இங்க இருக்கறவங்க யாருன்னு, சேந்த தேதிய வச்சு லிஸ்ட் எடுத்தேன். உங்க பேருதான் மேல வந்துச்சு. இருபத்தாறு வருஷம்னு இருந்துச்சு. அதனால…” அவள் பார்வை மறுபடி பாட்டிலுக்குப் போனது. “இப்ப என்ன பதவின்னு பாக்கவே தோணல சார். இன்னைக்கு உங்கள அறிமுகப்படுத்தணும்னு காலையிலதான் கோப்பத் திறந்தேன்.”

இருபத்தாறு வருடம் ஒருவர் இதே நாற்காலியில் இருக்க முடியும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அவள் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அவள் வயதில் அவருக்கும் தோன்றியிருக்காது.

“சாயந்தரம் வர்ற பட்டியல்ல…” என்று தொடங்கினார்.

“அதையும் பாத்தேன் சார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகல. அடுத்த வாரம்தான் முடிவு பண்ணுவாங்க. அழைப்பு எல்லா மாடிக்கும் போயிருச்சு. என்ன பண்றதுன்னு தெரியல.”

ஸ்கேனர் உறுமிக்கொண்டிருந்தது. அவர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

“குடிம்மா. நான் வந்து பேசறேன். பொய் மட்டும் சொல்ல வராது எனக்கு. மத்தபடி சமாளிச்சிடலாம்.”

எட்டாவது மாடிக் கூடத்துக்குள் அவர் நுழைவது அதுதான் முதல் தடவை. ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. அதற்கு வெளியே இவ்வளவு வானம். அவள் அவரை அறிமுகப்படுத்தும்போது பெயரையும் வருடங்களையும் மட்டும் சொன்னாள். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் பேசினார்.

“எனக்குப் பேசத் தெரியாது. நம்ம கைக்கு வர்ற ஒவ்வொரு காகிதத்துக்குப் பின்னாடியும் யாரோ அழுதிருப்பாங்க. அதுல இருக்கற ஊசிய எடுத்துட்டு அனுப்பினா, அடுத்துத் தொடறவங்க விரல்ல குத்தாது. நான் இங்க கத்துக்கிட்டது அவ்வளவுதான். அப்புறம், காலையில தரை துடைக்கறவங்க இருப்பாங்க. ஈரத்துல மிதிச்சுட்டுப் போகாதீங்க, காயற வரைக்கும் ரெண்டு நிமிஷம் நில்லுங்க. லேட்டாயிட்டா என் பேரச் சொல்லுங்க. ஒண்ணும் நடக்காது, ஆனாலும் சொல்லுங்க.”

கூடம் சிரித்தது. பிறகு வெகுநேரம் கை தட்டியது. முன்வரிசையில் ஒருத்தி அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டிருந்தாள். பெரிய மனிதர் ஒருவரின் அடக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது அவருக்குப் புரிந்தது. திருத்த வாய் திறந்தார். கதவருகே சுவரோடு ஒட்டி நின்றிருந்த பணியாளர் பிரிவுப் பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பொது மேலாளர் எழுந்து வந்து கை குலுக்கினார். “இவ்வளவு உயரம் வந்தும் இந்த எளிமை இருக்கே. அடுத்த வருஷமும் நீங்கதான் பேசணும். எந்த மாடியில இருக்கீங்க?”

“கீழ்த்தளம், சார்.”

பொது மேலாளர் வாய்விட்டுச் சிரித்து அவர் தோளில் தட்டினார். அதற்குள் கைப்பேசி அழைத்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

மாலையில் பட்டியலை ஒட்டினார்கள். ரேடியோதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்து, பேசாமல், அவர் மேசையில் மீதமிருந்த கட்டில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கம்பி எடுக்கத் தொடங்கினார்.

வீட்டில் அவர் மணி அடிப்பதற்கு முன்பே கதவு திறந்தது. “அண்ணன் ரெண்டு தடவ கூப்பிட்டாரு,” என்றாள் மனைவி. “பேச்சு நல்லா இருந்துச்சாங்க?”

“சிரிச்சாங்க. கை தட்டினாங்க.”

“அப்புறம்?”

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். கழற்றிய பிறகும் சற்று நேரம் குனிந்தே இருந்தார். “பாவம், ஒரு பொண்ணு. அதுக்கு வேலை தங்கிடும்னு நினைக்கறேன்.”

எந்தப் பெண் என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல நடந்து போய் நாள்காட்டியின் முன் நின்றாள். காகிதத்தின் மூலையைப் பிடித்து, ஊசியை இழுத்தாள். அட்டையில் ஆழமாக இறங்கியிருந்த ஊசி வரவில்லை.

“இரு, குத்திடும்,” என்று அவர் அருகே வந்தார். நகத்தைக் கொடுத்து ஒரே நெம்பில் எடுத்தார். காகிதம் அவள் கைக்கு வந்தது. அவள் அதைக் கிழிக்கவில்லை, மடிக்கவும் இல்லை. மேசைமேல் போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். உள்ளங்கையில் குண்டூசியோடு, அதைப் போட அலுவலகத்தில் இருப்பது போல ஒரு பாட்டில்கூட வீட்டில் இல்லாமல், அவர் நின்றுகொண்டிருந்தார்.