பெரிசிலிருந்து சின்னது

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டால் எனக்கு முதலில் வருவது கோபம்தான், பயம் அப்புறம். காலை ட்ரிப்பை முடித்து, பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு, யூனிஃபார்மோடே போய் நின்றேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் விளையாடப் போயிருந்தார்கள். என் இரட்டைகள் மட்டும் முன் பெஞ்சில் இருந்தார்கள். பத்து நிமிஷம் முந்திப் பிறந்தவள் பெரியவள், வாய் நீளம். பிந்தியவள் சின்னவள், வாயில்லாப் பூச்சி.

விஷயம் இதுதான். சின்னவளுக்குக் கழித்தல் வரவில்லை. இந்தப் பருவம் முடிந்ததும் அவளை இரண்டாம் வகுப்புக்கே திருப்பி அனுப்புவதாகப் போன மாதம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பெரியவளும் தப்பாகப் போட ஆரம்பித்தாள். அதுவும் தங்கச்சி போடும் அதே தப்பு, ஓர் எண் பிசகாமல்.

"சுத்த ஈயடிச்சான் காப்பிங்க," என்றார் கணக்கு டீச்சர். "நல்லாப் போடற பொண்ணு எதுக்குத் தப்பைப் பார்த்து எழுதணும்? எனக்கு மண்டை காயுது."

"என் பொண்ணுங்க பார்த்து எழுதறவங்க இல்ல மிஸ். தனித்தனியா உக்கார வச்சுப் பாருங்க," என்றேன். குரல் ஹாரன் மாதிரிதான் வந்தது.

அவரும் விடவில்லை. ஒருத்தியை ஜன்னல் பக்கமும் இன்னொருத்தியைக் கதவுப் பக்கமும் முதுகைக் காட்டி உட்கார வைத்து, புதுக் கணக்குகளாகப் போடச் சொன்னார். நான் நடுவில், அந்தக் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து காவல் காத்தேன்.

விடைகள் மறுபடியும் அச்சு அசல் ஒன்று. 61இல் 38 போனால் இருவருக்கும் 37. 520இல் 264 போனால் இருவருக்கும் 344.

காப்பி இல்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த நொடியே வேறு கவலை. அப்படியானால் இரண்டுமே மக்கா? ஒருத்திக்காக அழுதுகொண்டிருந்தவள், இனி இரண்டு பேருக்காகவும் அழ வேண்டுமா?

டீச்சர் இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சிவப்புப் பேனாவை மூடினார்.

"87இல் 35 மட்டும் ரெண்டு பேருக்கும் சரி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அதுல மேல இருக்கற எண்ணெல்லாம் பெருசு." விரல் மற்ற கணக்குகளுக்கு நகர்ந்தது. "எட்டுல ஒண்ணு போனா ஏழு. ஆறுல மூணு போனா மூணு. மேல இருக்கா கீழ இருக்கான்னே பார்க்கறதில்ல. எது பெருசோ அதுலேர்ந்து சின்னதை எடுக்கறாங்க. எல்லாத் தப்பும் ஒரே மாதிரி! நான் இத்தனை நாளா, கவனமாப் போடு, கவனமாப் போடுன்னு கத்திட்டிருந்தேன்."

"அவ கவனமாத்தான் போடறா," என்றாள் ஜன்னல் பக்கத்துப் பெரியவள்.

டீச்சர் நிமிர்ந்தார். "61இல் 38 போனா எவ்வளவு?"

"இருபத்திமூணு."

"அப்ப எதுக்கு முப்பத்தேழுன்னு எழுதின?"

"அது அவ போடற விதம் மிஸ். அவ தாளை ரெண்டு தடவை பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு. அப்புறம் பார்க்கவே வேணாம், நானே போட்டுடுவேன்."

"எதுக்குடி?" என்றேன் நான்.

"அவ கீழ் வகுப்புக்குப் போனா நானும் போகணும்ல."

இவளை அறைவதா, அள்ளிக் கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"எங்க தப்புன்னு தெரிஞ்சவ அவகிட்டச் சொல்லியிருக்கலாமே?" என்றார் டீச்சர்.

"சொன்னேனே. பக்கத்து எண்கிட்டக் கடன் வாங்கணும்னு சொன்னேன். நம்பல."

கடன் வாங்கிக் கழிப்பதை வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாரம் சின்னவள் காய்ச்சலில் கிடந்தாள். அவள் இப்போது தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தாள். "சின்னதுலேர்ந்து பெருசை எடுக்க முடியாது, பெருசுலேர்ந்துதான் எடுக்கணும்னு மிஸ் சொன்னாங்க."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆமா, மொதல்ல அப்படித்தான் சொன்னேன்," என்றார். "அக்கா வேற மாதிரி சொன்னதும் என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமேம்மா?"

சின்னவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது பயம், என்னைக் கண்ட பயம். தினம் காலையில் வாசலில் நின்று இருவரிடமும் நான் சொல்வது இதுதான்: "மிஸ் சொன்னதை அப்படியே கேளுங்க. எதிர்க்கேள்வி கேட்டதாக் காதுல விழுந்துது, தோலை உரிச்சிடுவேன்." பெரியவளுக்காகச் சொன்னது. அவள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள். அவள் வாய்க்குப் போட்ட பூட்டில் சின்னவள் மாட்டிக்கொண்டாள்.

டீச்சர் எழுந்து போர்டில் 52, அதன் கீழே 27 என்று எழுதினார். "கீழ் வகுப்புப் பேச்சே இல்ல. ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நான் சொல்லிக்கறேன். உனக்கு என்ன சந்தேகமோ கேளு."

சின்னவளின் வாய் திறந்தது. கண் என் பக்கம் வந்தது. வாய் மூடிக்கொண்டது.

"கேளுடி தங்கம்," என்று கெஞ்சினேன். ஊஹூம். கெஞ்சக் கெஞ்ச இன்னும் ஒடுங்கினாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. பெஞ்சில் இருந்தபடியே மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். "மிஸ், ரெண்டுலேர்ந்து ஏழு போகாதே. என்ன பண்றது?"

சின்னவள் பதறி ஓடி வந்தாள். தூக்கிய என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"வேணாம்மா," என்றாள் என் காதோடு. "தோலை உரிச்சிடுவாங்க."