திங்கட்கிழமை பிறந்தவள்

ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் லோன்றியில் கோணேஸ்வரியும் வேரோனிக்காவும் இரண்டு வருஷமாகச் சேர்ந்து படுக்கை விரிப்பு மடித்தார்கள். கோணேஸ்வரி மட்டக்களப்புக்காரி. வேரோனிக்கா மேற்கு ஆபிரிக்காவில் கானா நாட்டின் குமாசி நகரத்திலிருந்து வந்தவள். இருவரும் பேசிக்கொண்டது உடைந்த ஆங்கிலத்தில்.

வேரோனிக்காவின் ஒரே மகள் அஜோவா குமாசியில் தாய்மாமன் வீட்டில் இருந்தாள்.

"தகப்பன் பார்க்கமாட்டாரா?" என்று கோணேஸ்வரி ஒருமுறை கேட்டிருந்தாள்.

"நாங்கள் அசாந்தி ஆட்கள். பிள்ளை தாயின் குலம். தாயின் அண்ணன்தான் பொறுப்பு."

"எங்கள் பக்கமும் குடி தாய்வழிதான்!" கோணேஸ்வரி விரிப்பைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் அவர்கள் ஒருவருக்கொருவர் சாப்பாடு கொண்டுவரத் தொடங்கினார்கள்.

1996 ஒக்ரோபரில் ஒருநாள் வேரோனிக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை. ஒரு கடிதத்தை நீட்டினாள். மகளை இந்த நாட்டுக்குக் கூப்பிட ஜூன் மாதம் குடிவரவுக்குக் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதில். விண்ணப்பிக்கும் நாளில் பத்தொன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைத்தான் கூப்பிடலாம். அஜோவா ஏப்ரல் ஏழாம் திகதியே பத்தொன்பதைத் தாண்டிவிட்டாள். மறுப்பதானால் முப்பது நாளுக்குள் ஆதாரம் வேண்டும் என்று இருந்தது.

"அவள் பிறந்தது ஜூலை நாலு," என்றாள் வேரோனிக்கா. "பிறப்புப் பத்திரத்தில் 4/7/77 என்று எழுதியிருக்கு. மாதத்தை முதலில் வைத்து வாசித்துவிட்டார்கள். வீட்டில் பிறந்த பிள்ளை. ஆஸ்பத்திரித் துண்டு எங்கே இருக்கு?"

"உனக்கு நல்ல ஞாபகமா?"

"பெற்றவள் நான்! திங்கட்கிழமை காலை பிறந்தாள். அதனால்தானே அஜோவா."

கோணேஸ்வரியின் கரண்டி நின்றது. "என்ன அதனால்?"

"திங்களில் பிறந்த பெண் அஜோவா. வியாழனில் பிறந்தால் யா. நான் செவ்வாய், அபெனா. வேரோனிக்கா என்பது சேர்ச்சில் வைத்த பேர். கிழமை பார்க்காமல் எங்களில் ஒருவருக்கும் பேர் இல்லை."

வேலை முடிந்ததும் இருவரும் பஸ் ஏறி நூலகத்துக்குப் போனார்கள். பழைய பத்திரிகைகளைப் படச்சுருளில் வைத்திருந்தார்கள். கோணேஸ்வரி கைப்பிடியைச் சுற்றினாள். 1977 ஏப்ரல் ஏழு வந்தது. வியாழக்கிழமை.

"இனி ஜூலை," என்றாள்.

வேரோனிக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "நான் பிழையாக நினைத்திருந்தால்?"

பக்கங்கள் ஓடின. ஜூலை நாலு. கோணேஸ்வரி இரண்டுதரம் வாசித்தாள்.

"கண்ணைத் திற. திங்கட்கிழமை."

வேரோனிக்கா போட்ட சத்தத்துக்கு நூலகக்காரப் பெண் ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு பக்கங்களையும் அவளே பிரதி எடுத்துத் தந்தாள்.

சனிக்கிழமை மில்லிக்கனில் குலசிங்கம் அண்ணையிடம் போனார்கள். குடிவரவுப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பவர் அவர்.

"அண்ணை, உது செல்லுமோ?"

அவர் பிரதிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாட்சி பிள்ளை. ஆனா கிழமைப் பேர் எண்டால் என்னெண்டு அவையளுக்கு விளங்க வேணும். உவவின்ர சேர்ச் போதகரிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ. மிச்சத்தை நான் எழுதுறன்."

போதகர் மூன்று பக்கம் எழுதினார். ஏழு கிழமைக்கும் ஆண் பேர், பெண் பேர் எல்லாம் வரிசையாகப் போட்டு, சபையில் உள்ள நாற்பது பேரின் கையெழுத்தையும் வாங்கியிருந்தார். குமாசியிலிருந்து மாமனும் சத்தியக் கடிதம் அனுப்பினார். எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் போட்டார்கள்.

நவம்பர் போனது. டிசம்பரும் போனது. வேரோனிக்கா மெலிந்துபோனாள். கோணேஸ்வரி மகளைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஜனவரி நடுவில், பனி கொட்டிய ஒரு காலை, வேரோனிக்கா வேலைக்குப் பிந்தி வந்தாள். கோட்டைக் கழற்றாமலே நேராக வந்து, உலர்த்தியில் இருந்து எடுத்த சூடான விரிப்புக் குவியலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என்ன, சுகமில்லையா?"

"ஒத்துக்கொண்டார்கள்," என்றாள். "ஜூலை நாலு என்று எழுதியிருக்கிறார்கள்."

கோணேஸ்வரியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

ஏப்ரலில் அஜோவா வந்து இறங்கினாள். விமான நிலையத்திலிருந்து கோணேஸ்வரியின் புருஷன் மகேஸ்வரன் கார் ஓடினார். பின் சீட்டில் தாயின் தோளில் சாய்ந்து பிள்ளை தூங்கிப்போனாள். 401 நெடுஞ்சாலையில் கார்கள் பாய்ந்து முந்திக்கொண்டிருந்தன.

"மெல்லப் போங்கள் மகேஸ்," என்றாள் வேரோனிக்கா. "எங்களுக்கு இனி ஒரு அவசரமும் இல்லை."