பீடோர் லாரியின் கொக்கி

யுத்தகால ராணுவ லாரியில் எந்தப் பாகம் அசல், எது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று ஈப்போவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். நான் நவமணி. அப்துல் ரசாக் பாயின் பழைய இரும்புக் கடையில் இருபத்திரண்டு வருஷம் இரும்பு பிரித்தவள். போல்ட் தலையில் மிளகளவு எழுத்து இருந்தாலும் என் விரல் கண்டுபிடித்துவிடும். இது தற்பெருமை இல்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

1982இல் ஓய்வுபெற்ற மலாய்க்கார மேஜர் ஒருவர் நான்கு லாரிகளைப் பழையபடி ஆக்கித் தரும்படி பாயிடம் ஒப்படைத்தார். முதல் லாரி அதுவரை பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றிக்கொண்டிருந்தது. நான் அசல் என்று எழுதிக் கொடுக்கும் பாகம் அசலாகவே இருக்க வேண்டும் என்பது மேஜரின் ஒரே நிபந்தனை.

எனக்கு அது பெரிய காரியமே இல்லை. ராணுவம் அடித்தது பச்சை பெயிண்ட். தோட்டம் அதன்மேல் சாம்பல் அடித்தது. நாங்கள் எல்லாவற்றையும் சுரண்டிப் புதிதாக அடித்தாலும், ஒவ்வொரு பாகத்தின் முதுகிலும் கட்டைவிரல் அகலத்துக்குப் பழைய பெயிண்டை விட்டுவைப்பேன். அந்த இடத்தைப் பத்துக் காசால் சுரண்டினால் சாம்பலுக்கு அடியில் பச்சை தெரிய வேண்டும். தெரிந்தால் அசல்.

மேஜர் பார்வையிட வந்த அன்று காலையில்தான் ஐயாவு வந்து நின்றான். என் தங்கை மாரியம்மாவின் புருஷன். அதே பீடோர் தோட்டத்தில் கொல்லுப்பட்டறை வேலை. தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். நான்கு மாதமாக வேலை இல்லை. மாரியம்மா என்னிடம் இரண்டு முறை அழுதுவிட்டுப் போனாள். மீதி லாரிகளுக்குப் பாகம் அடிக்கப் பாய்க்கு ஆள் தேவைதான். ஆனால் நான் சரி என்று சொல்லாமல் பாய் யாரையும் எடுக்கமாட்டார். நான் சொல்லவில்லை.

காரணம் இருக்கிறது. அவர்கள் கல்யாணத்தின்போது ஐயாவு எனக்கென்று ஓர் இரும்பு முக்காலி செய்தான். உட்கார்ந்தேன், அதன் கால் கழன்று, தோட்டத்து லய வீடுகளின் ஜனம் அத்தனையும் பார்க்க மல்லாந்தேன். “இன்னும் முடியல, பொறுங்க” என்று அவன் சொன்னதாக மாரியம்மா இன்றுவரை சாதிக்கிறாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அப்படி யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் பெயர் எனக்குத் தகரம்தான்.

மேஜர் லாரியைச் சுற்றி வந்து, முன்னால் இருந்த இழுவைக் கொக்கியைத் தொட்டுக் காட்டினார். நான் மலாயில் அடித்துச் சொன்னேன்: அசல். இந்த வளைவைப் பாருங்கள், இப்படி இரும்பு அடிக்க இன்றைக்கு ஆள் கிடையாது.

“அக்கா,” என்றான் ஐயாவு, வாசல் கேட் பக்கத்திலிருந்து. “அது நான் அடிச்சது.”

“தகரம், சும்மா இரு!”

“மரக்கட்டை இழுக்கிறப்ப பழைய கொக்கி ஒடஞ்சு போச்சு. அறுபத்தேழுல. காம்பார் ஈயச் சுரங்கத்துல தூக்கிப் போட்ட தண்டவாளத்த எடுத்து அடிச்சேன். சுரண்டித்தான் பாருங்களேன் லா.”

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. சுரண்டிக் காட்டி அவனை விரட்டலாம் என்று பத்துக் காசை எடுத்துக் குனிந்தேன். அப்போதுதான் உறைத்தது, இந்த ஒரு பாகத்தை மட்டும் நான் சுரண்டிப் பார்க்கவே இல்லை. பார்த்ததுமே மயங்கிப்போய் எழுதிவிட்டேன்.

சாம்பல் வந்தது. அதற்கடியில் வெறும் இரும்பு. இன்னும் கொஞ்சம் தள்ளிச் சுரண்டினேன். பச்சை பொட்டுக்கூட இல்லை.

மேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். பாய்க்குப் பார்வை மங்கல். பச்சை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பெயர் நிற்கும். ஐயாவு பொய்யன் என்று பெயர் வாங்கிக்கொண்டு மாரியம்மாவிடம் வெறுங்கையோடு திரும்புவான். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது.

எழுந்து நின்று, மேஜரிடம் தவறு என்னுடையதுதான் என்று சொன்னேன். பாய் வாயைப் பிளந்தார். அவர் என்னிடம் அந்த வார்த்தையைக் கேட்பது அதுதான் முதல் தடவை. பட்டியலில் ‘அசல்’ என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘பீடோர் ஐயாவு, 1967’ என்று எழுதினேன். மேஜர் அதைப் படித்துவிட்டு, மற்ற மூன்று லாரிகளிலும் கொக்கியே இல்லையே என்றார்.

“பாய், திங்கக்கிழமையிலேருந்து இவன் வேலைக்கு வரட்டும்,” என்றேன். “என் கண்ணையே ஏமாத்தின கை. வேற எவன் வந்தாலும் நான் ஒத்துக்கமாட்டேன்.”

ஐயாவு தலை குனிந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அதைக் காட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை.

“வேல சும்மா கெடைக்காது,” என்று அதட்டினேன். “வரும்போது எனக்கு ஒரு முக்காலி செஞ்சு எடுத்துக்கிட்டு வா. உக்காந்து பாத்துத்தான் சேத்துக்குவேன்.”

“செஞ்சுட்டு வாரேன் அக்கா. இந்தத் தடவையாச்சும் நான் சொன்னப்புறம் உக்காருங்க.”

கல்யாணத்தன்றைக்கும் அவன் சொல்லித்தான் இருந்தான். எனக்குக் காது நன்றாகவே கேட்டது.