மாப்பிள்ளையின் வட்டம்

“அந்த டயாலிசிஸ் கட்டுரையில என் பேரைப் போடுங்க சார்.”

கேட்டேவிட்டாள். இந்த ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த முதல் நாளே நூலகர் அக்கா காதோடு காதாகச் சொல்லி வைத்திருந்தாள்: “லீவு கேளு, புது கம்ப்யூட்டர் கேளு. பேரு மட்டும் கேட்டுடாத. கேட்டவங்க யாரும் இங்க நிலைச்சதில்ல.”

மேசைக்கு அந்தப் பக்கம் சிறுநீரகத் துறைத் தலைவர், காதிலேயே விழாதவர் போலக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் முன்னால் அவள் தயாரித்த அறிக்கையின் நகல் விரிந்து கிடந்தது. பெரிய விருது ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். அவர் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், யார் யாரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார் என்று அளந்து, அளந்தவரே கையெழுத்திட்டுத் தேர்வுக் குழுவுக்கு நேராக அனுப்ப வேண்டும். அளப்பது அவள் வேலை.

எண்களில் குறையொன்றும் இல்லை. நூற்றுத் தொண்ணூறு கட்டுரைகள், ஆறாயிரத்துச் சொச்சம் மேற்கோள்கள். வினை கடைசிப் பக்கத்துப் படத்தில் இருந்தது. கூட எழுதியவர்களை ஆளுக்கொரு வட்டமாகப் போட்ட படம். சேர்ந்து எழுதிய கட்டுரை எத்தனையோ, வட்டமும் அத்தனை பெரிது. “கலர்ல போடும்மா, பளிச்சுனு இருக்கட்டும்” என்று கேட்டு வாங்கியவர் அவரேதான்.

பளிச்சென்றுதான் இருந்தது. பெரிய பெரிய பேராசிரியர்களெல்லாம் கடுகு கடுகாக ஓரத்தில் ஒட்டியிருக்க, நட்டநடுவில் பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தது ஒரு வட்டம். அவருடைய மாப்பிள்ளை. பல் டாக்டர்.

“இதைக் கொஞ்சம் சின்னதாக்கு” என்றுதான் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

“ஆகாது சார். நாப்பத்தோரு கட்டுரை. எண்ணிப் போட்டது.”

“மூணு வருஷமா இருக்க, ஒரு வட்டத்தைச் சுருக்கத் தெரியாதா?”

“அவர் எழுதாத கட்டுரையில இருந்தெல்லாம் அவர் பேரை எடுக்கச் சொல்லிப் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதுங்க, தானா சுருங்கிடும். கிட்னிக்கும் பல்லுக்கும் என்ன சார் சம்பந்தம்?”

அந்தச் சூட்டோடு சூடாகத்தான் தன் பேரையும் கேட்டாள்.

டயாலிசிஸ் கட்டுரைதான் அவருடையதிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது. ஆயிரத்து நானூறு நோயாளிகளின் விவரங்களை எட்டு மாதம் கண் எரிய உட்கார்ந்து சரிபார்த்து, பகுப்பாய்வு முழுக்கச் செய்தவள் அவள். வெளிவந்தபோது கடைசியில் ஒரு வரி இருந்தது: தொழில்நுட்ப உதவிக்கு நன்றி. யாருக்கு நன்றி என்றுகூட இல்லை. இரண்டாவது ஆசிரியர், மாப்பிள்ளை.

அச்சான பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். டைல்ஸ் ஒட்டும் வேலை முடித்து வந்த அப்பா, நகக்கண் சிமெண்டைத் தேய்த்துக் கழுவிவிட்டு வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. சுவரில் மாட்டிய பட்டத்தைப் பார்த்துப் பார்த்து மகள் பேரின் எழுத்துகள் மட்டும் பழக்கம். பக்கம் பக்கமாக விரல் வைத்துத் தேடினார்.

“உன் பேரு எங்கம்மா?”

“இல்லப்பா.”

“நான் ஒட்டுன தரையிலதான் என் பேரு இருக்காது. உனக்குமா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “உங்க குடும்பத்துல முதல் டிகிரி நீதானே? பொறுமை வேணும்மா. உன்னை நிரந்தரமாக்குற ஃபைல் என்கிட்டதான் இருக்கு. படத்தைச் சரி பண்ணிக் கொடு. அடுத்த கட்டுரையில பேரைப் பத்திப் பாப்போம்.”

மூன்று வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம், வாயைத் திறந்து கேட்ட நொடியிலேயே சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போயிருந்தது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள்?

கைப்பையிலிருந்து உறையை எடுத்து மேசையில் வைத்தாள்.

“அடுத்த கட்டுரைக்கு நான் இருக்க மாட்டேன் சார். ராஜினாமா. திங்கக்கிழமை புற்றுநோய்ப் பதிவகத்துல சேர்றேன். நேத்தே சரின்னு சொல்லிட்டேன்.”

“போறவளுக்கு எதுக்கு இப்ப பேரு?”

“கேட்டிருந்தா கொடுத்திருப்பாரோன்னு ஆயுசுக்கும் அரிச்சுட்டே இருக்கும் சார். இப்ப அது இல்ல.”

“சரி, அறிக்கை?”

“காலையிலேயே கையெழுத்துப் போட்டுக் குழுவுக்கு அனுப்பியாச்சு. வட்டம் இருக்கறபடியே இருக்கு.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க அவள் நிற்கவில்லை.

நூலக வாசலில் அக்கா வழிமறித்தாள். “கேட்டுட்டியா?”

“கேட்டுட்டேன்.”

“அடிப்பாவி! கொடுத்தாரா?”

“இல்ல.”

“அப்புறம் என்னடி இளிப்பு?”

“தெரியலக்கா. நல்லாத்தான் இருக்கு.”

அடையாள அட்டையைக் கழற்றி அக்கா கையில் திணித்தாள். வாசல் தரையில் ஒரு டைல்ஸ் கோணலாக ஒட்டியிருந்தது. அப்பா பார்த்தால் பெயர்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதைத் தாண்டி வெயிலில் இறங்கி நடந்தாள்.