இளவரசிக்குக் குடை பிடித்தவள்

அஸ்தினாபுரத்துச் சாம்பசிவன் கொரியாவின் மீது போர் தொடுத்தது ஜூன் மாதத்தில். சமாதானம் ஆனது ஆகஸ்டில். இரண்டுமே கொரியாவுக்குத் தெரியாது.

இன்சூரன்ஸ் ஆபீசில் அவர் பத்தோடு பதினொன்றாக ஒரு துணை மேலாளர். காலனியில் அப்படியில்லை, குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். மூன்றாவது குறுக்குத் தெருவில் பொங்கி வழியும் சாக்கடையை மாநகராட்சியின் பொறுப்பில் விட்டுவிட்டு, பண்பாட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தார். மகள் மிருதுளா கொரியத் தொடர் பார்க்கிறாள் என்று தெரிந்த அன்றே வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு மாறியது. அடுத்த சங்கக் கூட்டத்தில், "நம் பிள்ளைகள் கையை மறந்து குச்சியில் சாப்பிடும் காலம் வந்துவிட்டது!" என்று முழங்கினார். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கோபி மஞ்சூரியனைப் பல்குத்தும் குச்சியால் குத்திச் சாப்பிட்டார்கள்.

பாஸ்வேர்டு போனதில் மிருதுளாவுக்குப் பெரிய நஷ்டமில்லை. அவளுக்கு ரேஷ்மா இருந்தாள்.

ப்ளஸ் ஒன்னுக்குக் குரோம்பேட்டையில் புதுப் பள்ளிக்கூடம். முதல் நாள் வகுப்பில் எல்லா பெஞ்சும் பழைய சிநேகிதிகளால் நிரம்பியிருந்தது. சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை ஒருத்திதான் இழுத்து உட்கார வைத்தாள். "இன்னாடி, பஸ்ஸுக்கா நிக்கிற? குந்து." அதுதான் ரேஷ்மா. நல்ல கறுப்பு, பெரிய சிரிப்பு. நெமிலிச்சேரிப் பக்கம் வீடு. அப்பா டேனியல் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்றைக்கு மதியமே கண்ணாடி விரிசல் விட்ட தன் போனில் ஒரு தொடரைப் போட்டு, இயர்போனில் ஒரு பக்கத்தை மிருதுளாவின் காதில் செருகினாள். அந்தத் தேசத்தில் மழை பெய்தால் யாராவது குடையோடு வருவார்கள். குரோம்பேட்டையில் மழை பெய்தால் சாக்கடைதான் வரும். இருவரும் அங்கேயே குடியேறிவிட்டார்கள். ரேஷ்மா வசனங்களை அப்படியே பிடித்துக்கொள்வாள். மிருதுளா அவளைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ரேஷ்மா இல்லாவிட்டால் மிருதுளாவோடு பேச வேறு ஜீவன் கிடையாது.

ஆகஸ்டில் சாம்பசிவனின் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி வந்தது. பல நூறு வருஷங்களுக்கு முன்னால் ஒரு தமிழ் இளவரசி கப்பலேறிப் போய்க் கொரிய ராஜாவைக் கட்டிக்கொண்டாளாம். அதனால்தான் அங்கேயும் அம்மாவை அம்மா என்கிறார்களாம், அப்பாவை அப்பா என்கிறார்களாம். அவர் அதை மூன்று முறை படித்தார், முப்பது பேருக்கு அனுப்பினார், பிறகு கண் கலங்க மகளின் அறைக்கு வந்தார்.

"ஏம்மா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? நம்ம பொண்ணைக் கட்டிக் குடுத்த ஊரும்மா அது!"

பாஸ்வேர்டு திரும்பி வந்தது. கூடவே அப்பாவும் வந்தார். ஹாலில் பெரிய டிவியில் தொடரைப் போட்டு, மகளைப் பக்கத்தில் உட்கார்த்தி, நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தினார்.

"பாத்தியா, செருப்பை வெளியில கழட்டறான். தமிழன்! பெரியவங்களைப் பாத்ததும் குனியறான் பாரு!" கதாநாயகன் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்தபோது மட்டும், "இது சீனாக்காரன் பழக்கிவிட்டது" என்றார்.

சங்க ஆண்டு விழாவில் இளவரசியின் கதையை நாடகமாகப் போடுவதென்று முடிவானது. நாடக ஆசிரியர், இயக்குநர், வரவேற்புரை எல்லாம் சாம்பசிவனே. கொரிய வசனம் சொல்லத் தெரிந்த ஆளைத்தான் காணோம். மிருதுளா ரேஷ்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தாள். ரேஷ்மா ஹாலின் நடுவே நின்று, தாயைப் பிரிந்து வந்த ஒருத்தியின் வசனத்தைப் பேசினாள். குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா சுந்தரவல்லி கரண்டியோடு வந்து நின்று, ஒரு சொல்லும் புரியாமலே மூக்கை உறிஞ்சினாள்.

"அடடா!" என்றார் சாம்பசிவன். "அடடடா!"

ரேஷ்மா போன பிறகு வேடங்களை அறிவித்தார். இளவரசி, மிருதுளா. குடை பிடிக்கும் தோழி, ரேஷ்மா.

"ரேஷ்மாதானேப்பா நல்லா பேசறா?"

"யாரு இல்லேன்னா? டேலண்டட் கேர்ள். ஆனா கப்பல்லேர்ந்து இறங்கறவளைப் பாத்ததும் ராஜா மயங்கி நிக்கணும். ஆடியன்ஸ் அதை நம்பணுமில்ல?"

"நம்பறதுக்கு என்னப்பா?"

தமிழின் தொன்மையைப் பற்றி மூச்சு விடாமல் பேசக்கூடியவர், அந்த இடத்தில் ஒரு தமிழ்ச் சொல் கிடைக்காமல் கூரையைப் பார்த்தார். கடைசியில் இங்கிலீஷ் கைகொடுத்தது. "அதுக்கு ஒரு... லுக் வேணும்மா."

"தோழியும் முக்கியமான ரோல்தான்டி" என்றாள் சுந்தரவல்லி.

சோபாவில் பல்லாவரத்திலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த உடை கிடந்தது. இளஞ்சிவப்பு, தொட்டால் விரல் வழுக்கிற்று. மிருதுளா ஏற்கெனவே ஒருமுறை கண்ணாடி முன் போட்டுப் பார்த்துவிட்டாள். அப்படியானால் நான் நடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"தோள்ல கொஞ்சம் லூஸா இருக்கும்மா" என்றாள்.

அம்மா ஊக்கு எடுத்து வந்தாள்.

மறுநாள் விஷயத்தைக் கேட்டு ரேஷ்மா சிரித்தாள். "தோழியா? டயலாக் எதுனா கீதா?"

"இல்லடி."

"அப்ப மனப்பாடம் பண்ற பேஜார் இல்ல."

ஒத்திகை ஒன்றையும் அவள் தவறவிடவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இளவரசியின் வசனத்தை இளவரசிக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்தாள். முன்னைப் போல் நடுநடுவே கிண்டல் செய்யவில்லை. மிருதுளா அதைக் கவனித்தாள், கவனிக்காதது போலிருந்தாள்.

விழாவன்று பூங்காவில் ஷாமியானா. சிறப்பு விருந்தினர், ஒரகடம் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் நிஜக் கொரியர், திரு. சோய். சந்தன மாலையும் வியர்வையுமாக உட்கார்ந்திருந்தார். தாய்வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறதா என்று சாம்பசிவன் மைக்கிலேயே கேட்டார்.

"டிராஃபிக் வெரி மச்" என்றார் திரு. சோய்.

நாடகம் தொடங்கியது. அட்டைக் கப்பலிலிருந்து இளவரசி இறங்கினாள். பின்னால் குடையோடு தோழி. மிருதுளா வாயைத் திறந்தாள். வசனம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. முன்வரிசையில் அப்பாவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து அந்த வசனம் வந்தது. மெதுவாகத்தான் சொன்னாள் ரேஷ்மா. மைக் அதைப் பிடித்துப் பூங்கா முழுக்கப் பரப்பியது. மாலைக்குள் புதைந்திருந்த திரு. சோய் தலையைத் தூக்கினார். எழுந்து மேடையருகே வந்து, குடைக்காரியைப் பார்த்துத் தன் மொழியில் ஏதோ கேட்டார். ரேஷ்மா பதில் சொன்னாள். அன்று மாலை முதல் முறையாக அவர் சிரித்தார்.

சாம்பசிவன் மேடையேறி மைக்கை எட்டிப் பிடித்தார். "நம் இளவரசியின் உச்சரிப்பை விருந்தினரே எழுந்து வந்து பாராட்டுகிறார்!"

கைதட்டல். அவர் மகளின் தோளைப் பற்றி முன்னே நகர்த்தினார். திரு. சோய் குழம்பிப்போய் நின்றார். யாரோ அவர் கையில் கேடயத்தைத் திணித்தார்கள். அது மிருதுளாவின் கைக்கு வந்தது.

"குடையைக் கொஞ்சம் தள்ளிப் பிடிம்மா, முகத்தை மறைக்குது" என்றார் போட்டோகிராபர்.

ரேஷ்மா தள்ளிப் பிடித்தாள். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். மிருதுளா திரும்பவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால், தொடர்களில் வருவது போல இடுப்பை வளைத்து அழகாகக் குனிந்தாள்.

கூட்டம் கலைந்ததும் பந்தலுக்குப் பின்னால் ஓடினாள். ரேஷ்மா வேட உடையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் என்னடி கேட்டாரு?"

"எங்க கத்துகினேன்னு கேட்டாரு. போன்லன்னேன்."

"சாரிடி. எங்கப்பா எப்பவுமே..."

"உங்கப்பாவ வுடு. அவுரு அப்டித்தான்." ரேஷ்மா தலைமுடியிலிருந்த பூவைப் பிய்த்துப் போட்டாள். "தோழின்னு நீ வந்து சொன்னல்ல, அப்ப 'அநியாயம்டி'ன்னு ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்தேன். நடிக்க வேணான்னுகூட இல்ல. சும்மா, என்னாண்ட, ஒரு வார்த்த."

மிருதுளா கேடயத்தை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கீழே வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. முந்தின நாள் மழையில் எங்கே பார்த்தாலும் சேறாக இருந்தது.

"வரேன். அப்பா ஆட்டோ வச்சிகினு நிக்குது" என்றாள் ரேஷ்மா.

திங்கட்கிழமை அவள் சண்டை எதுவும் போடவில்லை. வகுப்பில் ஸ்நேகா என்று இன்னொருத்தியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். மதியம் இயர்போனின் ஒரு பக்கம் ஸ்நேகாவின் காதில் இருந்தது. மிருதுளா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே அப்பாவின் குரல். "மிருது, சீக்கிரம் வா! ஆரம்பிச்சாச்சு. அப்புறம், ஜப்பானும் நம்மதுதான்னு ஒரு மெசேஜ் வந்திருக்கு. அதையும் ஒரு கை பாத்துடலாம்."

பையைக்கூட இறக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் ஒரு பெண் பேருந்து நிறுத்தத்தில் தனியாக அழுதுகொண்டிருந்தாள். சாம்பசிவன் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை.

"கீழ இங்கிலீஷ்ல என்னம்மா போடறான்? எதுக்கு அழறா அவ?"

மிருதுளாவுக்குப் படிக்காமலே அந்த வசனம் புரிந்தது.

"தெரியலப்பா" என்றாள்.