மணிக்கூண்டு நிறுத்தத்தில் ஆடிய கை

சந்தை இருந்த காலத்தில் மணிக்கூண்டு நிறுத்தத்தில் டிராம் ஏற இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. சந்தை ஊருக்கு வெளியே போனது. அடுத்த திருப்பத்திலேயே பெரிய நிறுத்தம் ஒன்று வந்தது. பழையதை மூடி, பெஞ்சையும் பெயர்ப் பலகையையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மிச்சம் ஒரு தகரக் கூரையும், அதில் குடித்தனம் நடத்தும் புறாக்களும்தான்.

டிராம் ஓட்டுநரின் கைக்கு இதெல்லாம் புரியவில்லை. அங்கே தினமும் ஏறிய பெண்ணைத்தான் அவர் கட்டிக்கொண்டார். பிறகு அவள் நிறுத்தத்துக்கு எதிரிலேயே தையல் கடை போட்டாள். சாப்பாட்டு டப்பா ஜன்னல் வழியாகக் கைமாறியது. பழகிய கை சும்மா இருக்குமா? நிறுத்தத்தை மூடிய பிறகும் இரண்டு முறை வண்டியை நிறுத்தி, புறாக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். பயணிகள் சிரித்தார்கள். பரிசோதகர் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவ மறந்தீங்கன்னா டிப்போவுக்கு அனுப்பிடுவேன். அப்புறம் வண்டி ஓட்டவே முடியாது."

வண்டி ஓட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மனைவிக்கு அது தெரியும்.

"இத்தன வருஷம் நிக்கச் சொல்லிக் கையாட்டினேன். இனிமே போகச் சொல்லி ஆட்டுறேன். என்னப் பாத்துட்டே போயிடுங்க."

அன்றிலிருந்து டிராம் மணி கேட்டால் போதும். கழுத்தில் அளவு டேப்போடு வாசலுக்கு வந்து, கோழியை விரட்டுவதுபோல் விரட்டுவாள். அவர் பல்லை இளித்துக்கொண்டே போய்விடுவார்.

ஒருநாள் வாசலில் அவள் இல்லை. காலையிலேயே தலை சுற்றுகிறது என்று சொல்லியிருந்தாள். முதுகுக்குப் பின்னால் பரிசோதகர் நின்றுகொண்டிருந்தார். இது நிறுத்தம் இல்லை என்பது ஓட்டுநருக்கு நன்றாகவே நினைவிருந்தது. பிரேக்கைப் போட்டு இறங்கி ஓடினார்.

கடையில் யாரும் இல்லை. அவருக்கு உயிரே போய்விட்டது. அதற்குள் தெருமுனையிலிருந்து ஒரு குரல்.

"மாத்திரை வாங்கப் போனேங்க! இது ஸ்டாப் இல்லன்னு எத்தன தடவ சொல்றது? போங்க, போங்க!"

திட்டு வாங்குவதில் இத்தனை சுகமா என்று இருந்தது அவருக்கு.

"மறந்துட்டீங்களா?" என்றார் பரிசோதகர்.

"இல்ல சார். தெரிஞ்சேதான் நிறுத்தினேன்."

மாத்திரையோடு மூச்சிரைக்க நின்றவளைப் பரிசோதகர் பார்த்தார். "மறதின்னா டிப்போ. திமிருன்னா ஒரு வாரம் வீட்டுல இருக்கணும். திமிருன்னே எழுதிக்கறேன்."

அந்த வாரம் அவர் கடையில் உட்கார்ந்து பட்டன் தைத்தார். டிராம் மணி கேட்டதும் அவள் எழுந்தோடி, யாரோ ஓட்டிவந்த வண்டியை விரட்டினாள்.

"நான்தான் இங்க இருக்கேனே, யார வெரட்டுற?"

தூக்கிய கையை அவள் பார்த்தாள். வெட்கம் வந்துவிட்டது. "பழக்கதோஷம். கிண்டல் பண்ணாம தைங்க."

அவர் கிண்டல் பண்ணவில்லை. அடுத்த மணி கேட்டபோது ஊசியை வைத்துவிட்டு, அவரும் போய் அவள் பக்கத்தில் நின்று கையாட்டினார்.