வெட்டாத குதிரை

ஐந்து மாதமாக ராஜகோபாலின் கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சதுரங்கப் பலகையில் எதிரியின் காயை வெட்டப் போனால் விரல் பாதியில் நின்றுவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் மல்லிநாதன் மூச்சு விடுவது கேட்கிறது. மல்லிநாதன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

இருவரும் சதுரங்கப் புதிர் கட்டுகிறவர்கள். ஆறேழு காய்களை மட்டும் வைத்து, வெள்ளை ஜெயிக்க வேண்டும் என்பார்கள். வழி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது வழி தட்டுப்பட்டால் புதிர் குப்பைக்குப் போய்விடும். மல்லிநாதன் சமணர். அந்த வீட்டில் கத்திரிக்காயைக்கூட வெட்டு என்று சொல்லமாட்டார்கள், திருத்து என்பார்கள். அவர் கட்டிய புதிர்களிலும் வெள்ளை ஒரு காயைக்கூட வெட்டாமல்தான் ஜெயிக்கும். அப்படி ஒரு பிடிவாதம் அந்த மனுஷனுக்கு.

கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர், போட்டிக்கு அனுப்புவதற்கு முன் தன் கடைசிப் புதிரை ராஜகோபாலிடம் கொடுத்து அதில் சரிபார்க்கச் சொன்னார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. குதிரையால் சிப்பாயை வெட்டினாலும் வெள்ளை ஜெயித்தது. வெட்டுகிற வழி மல்லிநாதன் கண்ணில் பட்டிருந்தால்தானே. இருபது வருஷமாக ஒரு பரிசும் வாங்காத ராஜகோபாலுக்கு வயிறு குளிர்ந்தது. போட்டி நடுவரிடம் மூக்குடைபடட்டும் என்று, சுத்தமாக இருக்கிறது எனச் சொல்லிவிட்டார், பாவி. அடுத்த நாலாம் மாதம் மல்லிநாதன் இல்லை.

இன்று அவர் மனைவி இந்திரா போன் செய்தாள். அந்தப் புதிர் இன்னும் அனுப்பப்படவே இல்லையாம். வந்து அனுப்பித் தர வேண்டுமாம். அனுப்பினால் செத்தவர் பேர் கெடும். வேண்டாம் என்றால் காரணம் சொல்லியாக வேண்டும். செவிலிமேடு போகிற டவுன் பஸ்ஸில் பின் சீட்டிலிருந்தும் அந்த மூச்சு கேட்டது. ராஜகோபால் திரும்பிப் பார்க்கவில்லை, பயமாக இருந்தது.

இந்திரா நீட்டிய உறையை அவர் வாங்கவில்லை.

"அதுல ஓட்டை இருக்குதுமா. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் சரின்னு சொன்னேன்."

அவள் முகம் மாறவில்லை.

"அவருக்கும் தெரியும்ணா. மறுநாளே கண்டுபிடிச்சிட்டாரு. நீங்களே மாத்திடுங்கன்னேன். ராஜகோபால் வந்து திருத்தட்டும்னுட்டாரு. நீங்க வர்ற ஞாயித்துக்கிழமையெல்லாம், இன்னிக்குச் சொல்லிடுவான், காபி போடுன்னு சொல்லிக்கினு இருந்தாரு."

அந்த நாலு மாதத்தில் பதினாறு ஞாயிற்றுக்கிழமை ராஜகோபால் அங்கே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார்.